ஊருக்கு உபதேசம்

2015 பிப்ரவரியில் இங்கிலாந்துத் திருச்சபையின் ஆயர்கள் ஐம்பது பக்கத்துக்கு மேல் ஒரு சுற்றுமடல் எழுதினார்கள். நாட்டுக்குப் பல புத்திமதிகள். உழைப்பவருக்குப் பிழைப்புக்குப் போதுமான கூலி கொடுங்கள் என்பது அவற்றில் ஒன்று. அன்றைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 6.50 பவுண்டு. லண்டனுக்கு வெளியே வாழ இவ்வளவாவது வேண்டும் என்று கணக்கிடப்பட்டது 7.85.

மடலின் மை காயவில்லை, பத்திரிகைக்காரர்கள் வேலை விளம்பரங்களைப் புரட்டிவிட்டார்கள். கேன்டர்பரி, லிச்ஃபீல்டு பேராலயங்களுக்கு ஆள் தேவை, கூலி 7.85-க்குக் கீழே! கேன்டர்பரி, பேராயரின் சொந்த ஆசனம் வேறு. பேராயர் ஜஸ்டின் வெல்பி சங்கடம்தான் என்று ஒப்புக்கொண்டு, மாற்ற அவகாசம் வேண்டும் என்றார். பாவம், திருச்சபையின் முதலீடு அப்போது 600 கோடி பவுண்டுக்குச் சற்று மேல்தான். அந்தப் பெட்டி வேறு, பேராலயத்தின் பெட்டி வேறு என்பார்கள். கூலிக்கு நிற்பவருக்கு எல்லாம் ஒரே சிலுவை போட்ட பெட்டிதான்.

2018-இல் தொழிற்சங்க மாநாட்டில் அதே பேராயர் அமேசானையும், வேலைநேர உத்தரவாதமில்லாத ஒப்பந்தங்களையும் வெளுத்து வாங்கினார். பலத்த கைதட்டல். மறுநாளே தெரிந்தது: அமேசான் பங்குகள் திருச்சபையிடமே இருந்தன, சில பேராலயங்கள் அதே மாதிரி ஒப்பந்தத்துக்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருந்தன.

பைபிளின் திராட்சைத் தோட்டத்து உவமையில், ஒரு மணி நேரம் உழைத்தவனுக்கும் முழுநாள் கூலி கிடைத்தது. அந்த எஜமானருக்கு ஆலோசனை சொல்ல நிதிக் குழு இல்லை போலும்.

ஆயர்களே, அடுத்த மடலை அச்சுக்கு அனுப்புமுன் சொந்தச் சம்பளப் பட்டியலை ஒருமுறை படித்துவிடுங்கள்.