குளம் அவருக்கு, ஈரம் எனக்கு

மே மாதம், அக்னி நட்சத்திரம், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. பின்வாசல் படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. என்னுடைய இடது கால் செருப்பு, நான் இல்லாமலே, கேட்டை நோக்கிக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது.

செருப்பைத் துரத்திப் பிடித்த பிறகுதான் தண்ணீரைப் பார்த்தேன். கணுக்கால் நனையும் அளவுக்கு, அரிசி கழுவிய நிறத்தில், பிளீச்சிங் பவுடர் வாசனையோடு வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரின் அடியில் இருந்த ஓட்டை வழியாக, தன் வீட்டுக்குள் வருகிற உரிமையோடு வந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் சட்டப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலி. தண்ணீருக்குள் நடந்தால் வலி குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மற்றவர்களாக இருந்தால் கடற்கரைக்குப் போயிருப்பார்கள். இவர் மகளிடம் சொல்லிப் பின்புறம் நீச்சல் குளமே கட்டிவிட்டார். இருபது அடி நீளம், பத்தடி அகலம், நாலரை அடி ஆழம். அதாவது சுமார் 25 ஆயிரம் லிட்டர். மடிப்பாக்கத்துக்காரனிடம் லிட்டர் கணக்குச் சொன்னால் புரியாது. இரண்டு லாரித் தண்ணீர் என்றால் உடனே நெஞ்சைப் பிடித்துக்கொள்வான்.

அவர் வீட்டுத் தண்ணீர் ஏன் என் வீட்டுக்கு வருகிறது என்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

நான் 1996இல் வீடு கட்டியபோது வாசலில் ஐந்து படி. தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் தலையிலேயே புதிய ரோட்டைப் போட்டார்கள். ஒவ்வொரு ரோட்டுக்கும் எனக்கு ஒரு படி நஷ்டம். இப்போது ஒரே ஒரு படிதான் மிச்சம். மற்ற நான்கும் தாருக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. கீழடிக்கு அடுத்து எங்கள் தெருவைத் தோண்டினால் கிடைக்கும்.

2015 டிசம்பர் வெள்ளம் என் ஹால் சுவரில் ஒரு பழுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது. 2017இல் பக்கத்து மனையை வாங்கியவர் நேராக என்னிடம் வந்தார். "சார், அந்த வெள்ளக் கோட்டைக் கொஞ்சம் காட்ட முடியுமா?" என்று பணிவாகக் கேட்டார். டேப் வைத்து அளந்தார். அதற்கு மேல் ஒன்றரை அடி சேர்த்து, லாரி லாரியாக ரப்பிஷ் கொட்டி மனையை உயர்த்தி, பேஸ்மட்டம் போட்டார். அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். என் வீடு பள்ளமாவதற்கு நானே அளவு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

செருப்பும் கையுமாகப் போய் அழைப்பு மணியை அடித்தேன்.

"சார், உங்க தண்ணி எங்க பக்கம் வருது."

"அதுவா? பேக்வாஷ் சார்."

குளத்துத் தண்ணீர் ஒரு மணல் தொட்டி வழியாகச் சுற்றி வருமாம். அழுக்கை மணல் பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறை வால்வைத் திருப்பி, தண்ணீரைத் தலைகீழாக ஓடவிட்டால், மணலில் சேர்ந்த அழுக்கெல்லாம் வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று நிமிஷ வேலை. சில நூறு லிட்டர்தான்.

"வெளியேன்னா எங்க சார்?"

"வெளியேதான்" என்று கையை நீட்டினார். கை நீண்ட திசையில் என் கறிவேப்பிலைச் செடி நின்றது.

"அது சுத்தமான தண்ணி சார். குளோரின் போட்டது. உங்க சம்ப்ல இருக்கறதைவிடச் சுத்தம். அப்புறம், ஃபில்டரை அடைக்கறதே உங்க முருங்கை இலைதான். இலை வந்தா தண்ணி போகத்தானே செய்யும்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. என் முருங்கை மரத்தின் பாதி, சுவரைத் தாண்டி அவர் குளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது உண்மை. முருங்கை இலை எவ்வளவு சின்னது, காற்றடித்தால் எத்தனை ஆயிரம் உதிரும் என்பது கீரை ஆய்ந்தவர்களுக்குத் தெரியும். நான் வாரம் முழுக்க இலையாக அனுப்பியதை அவர் ஞாயிற்றுக்கிழமை தண்ணீராகத் திருப்பி அனுப்புகிறார். பண்டமாற்று மாதிரி இருந்தது.

"அப்போ கிளையை வெட்டிடுங்களேன்" என்றேன் வீறாப்பாக.

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "வெட்டவெல்லாம் வேண்டாங்க. காய் நல்லா இருக்கு."

வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் நியாயம் கேட்டேன். அவள் தராசை நடுவில் பிடித்தாள். "தண்ணி வருதேன்னு சண்டை போடுறீங்க. 2019ல ஜோலார்பேட்டையிலேருந்து ரயில்ல தண்ணி வந்த ஊருங்க இது. அப்ப ஒரு குடத்துக்கு நீங்க லாரி பின்னாடி ஓடினது எனக்கு மறக்கலை." ஆனால் இரண்டு வாரத்தில் கறிவேப்பிலைச் செடி மஞ்சளாகத் தொடங்கியதும் தராசு சாய்ந்தது. "என் செடிக்கு மட்டும் ஏதாவது ஆச்சுன்னா..." என்று ஆரம்பித்தவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. முப்பது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், முடிக்காத வாக்கியம்தான் ஆபத்து.

என் மைத்துனன் வக்கீல். உறவுக்காரர்களிடம் ஃபீஸ் வாங்க மாட்டான். பதிலுக்குச் சாப்பாடு நேரத்தில் வருவான். இரண்டாவது முறை சாம்பார் ஊற்றிக்கொண்டபோது வழக்கைத் தொடங்கினான்.

"அத்தான், 1882ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டம்னு ஒண்ணு இருக்கு. மேட்டு நிலத்துல இயற்கையா விழற மழைத்தண்ணி பள்ளத்துக்கு ஓடி வந்தா, பள்ளத்துக்காரன் விட்டுத்தான் ஆகணும்."

"அப்போ நான் தோத்தேனா?"

"இருங்க. குளத்துத் தண்ணி இயற்கையா விழுந்ததா? லாரியில வந்தது. இங்கிலாந்துல லங்காஷயர்ல ரைலண்ட்ஸ்னு ஒரு மில் முதலாளி தண்ணித் தொட்டி கட்டினார். 1860ல அந்தத் தண்ணி உடைச்சுக்கிட்டுப் போய்ப் பக்கத்துல ஃபிளெட்சரோட சுரங்கத்துல பாஞ்சிடுச்சு. 1868ல தீர்ப்பு. கொண்டுவந்து தேக்கினா, தேக்கினவன்தான் பொறுப்பு!"

ஃபிளெட்சர் உடனே எனக்குச் சொந்தக்காரராகிவிட்டார். சுரங்கத்துக்கும் என் வீட்டுக்கும் மட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாளே சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ரைலண்ட்ஸ் வழக்கை ஒப்பித்தேன். குளத்துக்குள் நடந்துகொண்டே கேட்டார். கழுத்துவரை தண்ணீரில் இருக்கும் மனிதருடன் சண்டை போடுவது கஷ்டம். ஏதோ தீர்த்த யாத்திரைக்கு வந்தவரை வம்புக்கு இழுப்பது போலவே இருக்கிறது.

"கார்வேட்டிநகர் ஜமீன் கேஸ் தெரியுமா சார்?" என்று கேட்டார். தெரியவில்லை. சொன்னார். நம் மதராஸ் மாகாணத்தில், கார்வேட்டிநகர் ஜமீன்தாரின் ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில்வே கம்பெனியின் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. கம்பெனி ரைலண்ட்ஸ் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது. 1874இல் கம்பெனி தோற்றது. ஏரி என்பது இந்த நாட்டில் பரம்பரையாக வருவது, ஜனங்கள் பிழைப்பதற்கே அவசியமானது, அதைப் பராமரிப்பது ஜமீன்தாரின் கடமை, மில் தொட்டியோடு அதை ஒப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"ஆனா சார், உங்க குளம் பரம்பரை ஏரியா?"

"என் முழங்கால் பிழைக்க அவசியம்தானே?" என்றபடி ஜமீன்தார் மறுபக்கம் திரும்பி நடந்தார்.

அடுத்த வாரம் மைத்துனன் வந்தபோது மோர்க்குழம்பு. அன்றைக்கு அவன் சொன்ன செய்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"அத்தான், எதுக்கும் கவனமா இருங்க. இந்தத் தண்ணி 20 வருஷம் வெளிப்படையா, அமைதியா, தடையில்லாம உங்க நிலத்துல ஓடிச்சுன்னா, அப்புறம் அது அவரோட உரிமை. 15ஆம் பிரிவு."

எனக்கு வயது 57. இருபதைக் கூட்டினேன். 77 வயதில், தள்ளாத காலத்தில், சட்டப்படி ஈரமாகிறவன் நான். "அதான் வாரா வாரம் சண்டை போடுறேனே, அது தடையில்லையா?"

"வாயால போடற சண்டை கணக்குல வராது. தண்ணி நிஜமாவே நிக்கணும். அந்தத் தடையை அவரும் ஒரு வருஷம் பொறுத்துக்கிட்டுச் சும்மா இருக்கணும். அப்பத்தான் சட்டம் அதைத் தடைன்னு ஒத்துக்கும்."

வாயால் போடும் சண்டை செல்லாது என்று ஒரு சட்டம் சொல்வதை எங்கள் தெருவில் ஒருவரும் நம்பவில்லை. அப்படிப் பார்த்தால் இங்கே முப்பது வருஷமாக நடந்தது எதுவுமே நடக்கவில்லை என்றாகிறது.

சரி, நிஜமாகவே தடுப்போம் என்று சனிக்கிழமை ராத்திரி ஓட்டையில் இரண்டு செங்கல்லும் ஒரு கோணிப்பையும் வைத்து அடைத்தேன். ஞாயிறு காலை ஜம்பமாகப் படியில் உட்கார்ந்தேன். பின்பக்கம் சொட்டுக்கூட வரவில்லை. போக வழியில்லாத தண்ணீர் அவர் வீட்டைச் சுற்றி முன்பக்கம் போய், தெருவில் இறங்கி, மட்டம் தேடி அலைந்து, எது பள்ளம் என்று கண்டுபிடித்து, என் கேட் வழியாக முறைப்படி உள்ளே வந்தது. செங்கல்லை எடுத்துவிட்டேன். பின்வாசல் வழியாக வந்தால் அக்கம்பக்கத்துக்காவது தெரியாது.

மூன்றாவது ஞாயிறு, பாயசத்தோடு, மைத்துனன் அந்த ரகசியத்தைச் சொன்னான். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இத்தனை நாள் பாயசம் வைக்கவில்லையே என்றான்.

"அதே பிரிவுல ஒரு விளக்கம் இருக்கு அத்தான். நிலத்துக்காரரோட ஒப்பந்தம் போட்டு, இது உரிமை இல்லைங்கற தெளிவோட தண்ணி விட்டா, அது எத்தனை வருஷம் ஓடினாலும் உரிமையாகாது."

"அப்படின்னா?"

"சண்டை போட்டா 20 வருஷத்துல அவருக்கு உரிமை வந்துடும். அனுமதி கொடுத்தீங்கன்னா நூறு வருஷமானாலும் வராது!"

ஆயிரத்து எண்ணூற்று எண்பத்திரண்டில் இதை எழுதிய வெள்ளைக்காரனுக்கு மாமியாரோ பங்காளியோ இருந்திருக்க வேண்டும். விட்டுக்கொடுப்பது போல் கொடுத்து ஒன்றுமே கொடுக்காமல் இருக்கும் வித்தை குடும்பஸ்தனுக்குத்தான் தெரியும்.

அன்று சாயந்திரமே வெள்ளைத்தாளில் எழுதினேன். "தங்கள் நீச்சல் குளத்தின் பேக்வாஷ் தண்ணீரை, வாரம் ஒரு முறை, என் மனையின் பின்புறம் விட்டுக்கொள்ள, மனிதாபிமான அடிப்படையில் இதன் மூலம் அனுமதி அளிக்கிறேன். இது அனுமதி மட்டுமே, உரிமை அல்ல. எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யப்படும்." கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே, "அனுமதி பெற்றுக்கொண்டேன்" என்று எழுதி, அவர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்து அவர் அதைப் படித்தார். முதல் வரியில் முகம் மலர்ந்தது. இரண்டாம் வரியில் ஊஞ்சல் நின்றது. கோட்டுக்கு வந்தபோது சிவந்துவிட்டார்.

"அனுமதியா? என் வீட்டுத் தண்ணியை விட நீங்க எனக்கு அனுமதியா?"

"மனிதாபிமானம் சார்."

"முப்பத்தி நாலு வருஷம் பேங்க்ல ஆயிரம் பேருக்கு நான் சாங்ஷன் கொடுத்திருக்கேன். எனக்கு நீங்க சாங்ஷனா? தேவையே இல்லை!"

ரைலண்ட்ஸால் முடியாதது, செங்கல்லால் முடியாதது, அந்த ஒரு தாளால் நடந்தது. செவ்வாய்க்கிழமை பிளம்பர் வந்தார். ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினார். பேக்வாஷ் குழாயைத் திருப்பி, அவர் பக்கமே ஒரு ஆயிரம் லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் விட்டார். திறந்த தொட்டியில் இரண்டு மூன்று நாள் வெயில் பட்டால் குளோரின் போய்விடும். பிறகு அதே தண்ணீர் அவர் வீட்டுத் தென்னைக்கு. முதல் நாளே செய்திருக்கக்கூடிய வேலைதான். முதல் நாள் யாரும் அவருக்கு அனுமதி கொடுக்கவில்லையே.

கறிவேப்பிலை மறுபடி துளிர்த்தது. நான் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். மைத்துனனுக்கு அடை, அவியல்.

பத்து நாள் கழித்து அழைப்பு மணி அடித்தது. அவரே வந்திருந்தார். முகத்தில் ஒரு சாந்தம். கையில் ஒரு கவர். டைப் அடித்த கடிதம், வங்கிப் பாணியில் பத்தி பத்தியாக.

"தங்கள் முருங்கை மரத்தின் இலைகள், பூக்கள் மற்றும் கம்பளிப்பூச்சிகள் என் குளத்தில் உதிர, நல்லெண்ண அடிப்படையில் இதன் மூலம் அனுமதி அளிக்கிறேன். இது அனுமதி மட்டுமே, உரிமை அல்ல." கீழே ஒரு கோடு. கோட்டில் ஒரு பெருக்கல் குறி போட்டு, நான் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று பென்சிலில் காட்டியிருந்தார்.

இருபது வருஷத்துக்கு மேலாக உதிர்கிற இலை. நான் நட்ட மரம். அது உதிர இவர் அனுமதியா?

மறுநாள் காலையிலேயே மரம் வெட்டுகிற ஆளைக் கூப்பிட்டேன்.