முதலில் ஒரு குழு தொடங்குங்கள்

குழு வேலைக்கு எந்தச் செயலி என்று முடிவெடுக்க, முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். 'ஸ்லாக் வைத்துக்கொள்ளலாம்' என்பார் ஒருவர். 'கிளிட்ச்' என்ற இணைய விளையாட்டை உருவாக்கியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்த கருவி அது. 2012-ல் விளையாட்டு படுத்துவிட்டது, பேச்சு மட்டும் மிஞ்சியது. 2016-ல் மைக்ரோசாஃப்ட் 'டீம்ஸ்' என்ற போட்டிச் செயலியை அறிவித்தபோது, ஸ்லாக் பதில் சொன்னது தன் செயலியில் அல்ல, நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரமாக! விஷயம் போய்ச் சேரவேண்டுமென்றால் அவர்களுக்கும் காகிதம்தான். ஸ்லாக்கின் இலவசக் கணக்கில் 90 நாளுக்கு முந்தைய பேச்சு கண்ணில் படாது. 'நான் அப்படிச் சொல்லவேயில்லையே' என்கிற மேலாளர்களுக்கு இதைவிட நல்ல வசதி கிடைக்காது. எதை வேண்டுமானாலும் வையுங்கள் ஐயா. செய்தி அனுப்பிய கையோடு 'பார்த்தீங்களா?' என்று ஃபோன் மட்டும் செய்யாதீர்கள்.