இளிவரல் அடக்கம்: வேண்டாத பாட்டை வாசிக்கும் மெல்லிசைக் கலைஞர்களின் முகம் குறித்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் தேவை

தொல்காப்பியர் மெய்ப்பாடு 8 என்றார். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன் சொல்லி 32 ஆக விரித்தார். உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிந்தால் மெய்ப்பாடு. சரி. உள்ளத்தில் பொங்கி எழுந்தும் உடம்பில் துளியும் தெரியாமல், தாளம் பிசகாமல், ஐந்து நிமிடம் வாசித்து முடிக்கப்படுவதற்கு என்ன பெயர்? மெய்ப்பாட்டியலில் விடை இல்லை. கல்யாண வரவேற்பில் கீபோர்டு வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு தொல்காப்பியருக்குக் கிட்டவில்லை. அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

2. ஆய்வின் எல்லை

நாகஸ்வரக் கலைஞர்களை எடுத்துக்கொள்ளவில்லை. கன்னம் உப்பியிருக்கும்போது வெறுப்பு எது, மூச்சு எது என்று பிரித்தறியும் கருவி இன்னும் வரவில்லை. பாடகர்களையும் விட்டுவிட்டோம். அவர்களிடம் பாட்டு நோட்டு இருக்கிறது. ஆபத்துக் காலத்தில் முகத்தை அதில் புதைத்துக்கொள்வார்கள். ஒளிய இடமில்லாத கீபோர்டு, கிட்டார், தபேலா, ரிதம் பேட் ஆகியவற்றை வாசிப்போரே நம் ஆய்வுப் பொருள்.

3. நிலைக்களன்கள்

பாட்டு பிடிக்காமல் போவது அந்த எட்டில் ஒன்றான இளிவரலின் பாற்படும். இளிவரலுக்குத் தொல்காப்பியர் சொன்ன களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. மெல்லிசை மேடையை மனத்தில் வைத்தே சொன்னாரோ என்று ஐயுறும் அளவுக்கு நான்கும் பொருந்துகின்றன.

மூப்பு: பாட்டு மட்டமானது என்பதால் வரும் வெறுப்பு அல்ல இது, எல்லாருக்கும் பிடித்துப்போனதால் வருவது. ஊரே விரும்பும் பாட்டை ஊர் ஊராக வாசிக்க வேண்டும். இயற்றியவருக்கே இதிலிருந்து தப்ப முடியவில்லை. ரஷ்யாவின் ராக்மானினோவ் 1892இல், தம் 19ஆம் வயதில், பியானோவுக்கு ஒரு சிறு முன்னிசை எழுதினார். பிறகு எந்த நாட்டுக்குப் போனாலும் ரசிகர்கள் அதைத்தான் கேட்டுக் கத்தினார்கள். அவருக்கு அது சலித்தே போயிற்று. ஆனாலும் உட்கார்ந்து வாசித்தார்.

பிணி: மேடையோடு விடாமல் தொற்றிக்கொண்டு வரும் பாட்டு. நள்ளிரவு தாண்டி வேனில் திரும்பும்போது தபேலாக்காரர் தூக்கத்திலேயே தொடையில் தட்டுவார். தட்டுவது அதுதான்.

வருத்தம்: கோயில் கொடை, இரவு ஒரு மணி. முன்வரிசை இளைஞர்கள் அதே குத்துப்பாட்டுக்கு மறுபடி ‘ஒன்ஸ் மோர்’ கேட்கிறார்கள். பேட் வாசிப்பவரின் மணிக்கட்டு இதை எந்த அழகியல் கோட்பாட்டின் துணையும் இன்றி வெறுக்கிறது.

மென்மை: பாட்டில் சுரப் பஞ்சம். பாடகருக்கு அதில் நெளிவு உண்டு, தபேலாவுக்கு நடை உண்டு. பேஸ் கிட்டாருக்கு மட்டும் பல்லவி முதல் கடைசிவரை இரண்டே சுரம். ஆகவே வெறுப்பு கருவிக்குக் கருவி மாறும் என்பது பெறப்படுகிறது. பேஸ் கிட்டார்காரர்கள் மனம் தளர வேண்டாம். ராவெல் 1928இல் இயற்றிய ‘பொலேரோ’வில் பக்க முரசு வாசிப்பவர் ஒரே தாளக்கட்டை ஏறக்குறைய கால் மணி நேரம் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்; அதுவும் மெதுவாகத் தொடங்கி, கொஞ்சங்கொஞ்சமாக ஒலியைக் கூட்டிக்கொண்டு.

நான்கும் ஒருங்கே கூடுமிடம் ஒன்று உண்டு. மணமகனின் சித்தப்பா மேடை ஏறுவது. அவர் ஒரு சுருதியில் எடுப்பார். சரணத்தில் வேறொன்றுக்குக் குடிபோவார். கீபோர்டுக்காரர் சிரித்த முகத்தோடு ‘டிரான்ஸ்போஸ்’ பொத்தானை அழுத்திக்கொண்டே பின்னால் ஓடுவார். ‘பாசமலர்’ படத்துத் தாலாட்டை முகூர்த்தத்துக்கு முந்தைய இரவே பாடும் சித்தப்பாக்கள் தனி ஆய்வுக்கு உரியவர்கள்.

4. உத்திகள்

தொல்காப்பிய மரபியல் 32 உத்தி கூறும். நமக்கு மூன்று போதும்.

ஒன்று, பாட்டை விட்டு இடையிசையைப் பிடித்தல். இரண்டாம் சரணத்துக்கு முந்தைய புல்லாங்குழல் துணுக்கை ‘ரெக்கார்டில் இருக்கிற மாதிரியே’ கொண்டுவருவது என்று தமக்குத் தாமே பந்தயம் கட்டிக்கொள்வது. பாட்டு எப்படிப் போனாலும் பந்தயம் சுவையானது.

இரண்டு, சக கலைஞரின் கண்ணைப் பார்க்காதிருத்தல். ஒருவர் புருவம் உயர்ந்தால் அடுத்தவருக்குச் சிரிப்பு வரும்; மண்டபங்களில் எல்.இ.டி. திரை வந்த பிறகு அந்தச் சிரிப்பு பத்தடி உயரத்தில் தெரியும்.

மூன்று, கேட்பவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளுதல். நான்காவது வரிசையில் ஒரு பாட்டி வாயசைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு மட்டும் வாசிப்பது.

விலக்கத்தக்கன: சீக்கிரம் முடிய வேண்டிக் காலப்பிரமாணத்தைத் தள்ளிவிடுவது, இரண்டாம் சரணத்தை விழுங்குவது, ‘என் தரம் வேறு’ என்று உணர்த்த நடுவில் தேவையற்ற பிருகாவைச் செருகுவது. மூன்றையும் பந்தியிலிருக்கும் அத்தை கண்டுபிடித்துவிடுவார்.

5. மறுப்பும் விடையும்

‘மனம் ஒப்பாமல் வாசிப்பது பொய்யல்லவா?’ என்று வினவுவாரும் உளர். அதே மண்டபத்தின் பின்கட்டில், சர்க்கரை நோயுள்ள சமையல் மாஸ்டர் அசோகா கிண்டிக்கொண்டிருக்கிறார். அவரை யாரும் பொய்யர் என்பதில்லை. நெய் குறைந்தால்தான் கேட்கிறோம். ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி தம் ‘1812’ முன்னிசையை அன்பில்லாமல் எழுதியதாகக் கடிதத்திலேயே ஒப்புக்கொண்டார். ஆனாலும் அதில் பீரங்கி வெடிக்க வேண்டிய இடத்தில் வெடிக்கத்தான் செய்கிறது. இரு சான்றுகள் ரஷ்யாவிலிருந்தே கிடைத்திருப்பதைக் குளிரோடு தொடர்புபடுத்துவது அவசர முடிவாகும்.

6. முடிவு

பாட்டைப் பிடிக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இல்லை. நன்றாக வாசிக்க வேண்டும் என்பது இருக்கிறது. தனக்கு நூறாவது முறை, கேட்பவருக்கு அவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரே முறை என்னும் கணக்கை விரல் மறக்காதிருப்பதே ஒன்பதாம் மெய்ப்பாடு. இதற்கு ‘இளிவரல் அடக்கம்’ எனப் பெயரிடப் பரிந்துரைக்கிறோம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். சீட்டில் எந்தப் பாட்டை வேண்டுமானாலும் எழுதிக் கொடுங்கள், வாசிப்பார்கள். பேசிய தொகையின் பாக்கியை மட்டும் கச்சேரி முடிந்த கையோடு கொடுத்துவிடுங்கள். அதை வாங்கும்போது அவர்கள் முகத்தில் தெரிவதை அடக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.