அழுத்தியும் பேசாமை, அழுத்தாமலே பேசுதல்: வாக்கி-டாக்கி இணைப்பியல் ஆய்வு

வாக்கி-டாக்கியில் ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவரே பேச இயலும் ஆதலின், கேட்கும் நிலையிலிருந்து பேசும் நிலைக்குக் கருவியை மாற்றும் பிடிடி பொத்தான் அதன் விலாவில் அமைந்துள்ளது. வெளியிலிருந்து ஹெட்செட்டையோ ஸ்பீக்கர் மைக்கையோ செருகும்போது அப்பொத்தானின் அதிகாரம் கம்பி வழியே வெளியேயும் செல்கிறது. அதனோடு இரு நோய்களும் தோன்றுகின்றன. அழுத்தியும் பேசாமை ஒன்று. அழுத்தாமலே பேசுதல் மற்றொன்று. முன்னது உடையவரை மட்டும் வருத்த, பின்னது அந்த அலைவரிசையில் உள்ள அனைவரையும் வருத்துவதால், அதுவே கொடிது என்க.

பாவ்ஃபெங் யுவி-5ஆர் முதலான மலிவு விலைக் கருவிகள் பின்பற்றும் கென்வுட் முறையில் 2.5 மி.மீ., 3.5 மி.மீ. அளவுள்ள இரு செருகிகள் அருகருகே நிற்கும். சிறியதன் நுனி ஸ்பீக்கருக்கும், பெரியதன் நடு வளையம் மைக்குக்கும் உரியவை. பெரியதன் அடிப்பகுதி சிறியதன் அடிப்பகுதியைத் தொட்ட கணமே கருவி ஒலிபரப்பத் தொடங்கும். ஸ்பீக்கர் மைக்கின் பொத்தான் செய்யும் வேலை இவ்வளவே. இதை அறியாது, கிரவுண்ட் எல்லாம் ஒன்றே என்னும் அத்வைதக் கொள்கையினர் இரு அடிப்பகுதிகளையும் சேர்த்துச் சாலிடர் வைப்பர். சாலிடர் ஆறுமுன் அழுத்தாமலே பேசும் கருவி ஒன்று உருவாகியிருக்கும். சாலிடரைத் தொடாதவர்க்கும் இது நேர்வதுண்டு. கருவியின் மைக் வழியையும் ஸ்பீக்கர் வழியையும் ஒரே கணினியில் இணைத்தால், கணினிக்குள் இரு கிரவுண்டுகளும் முன்னரே கலந்திருப்பதால் விளைவு அதுவேயாம். இதற்கு மருந்து துவைதம்: கம்பித் தொடர்பின்றிக் காந்தப்புலத்தால் ஒலியைக் கடத்தும் சிறு மின்மாற்றியை ஒரு வழியில் இடுக.

ஐகாம், யேசு நிறுவனங்களின் பழைய கைக்கருவிகள் பலவற்றில் மைக்கும் பிடிடியும் ஒரே கம்பியில் ஒண்டுக்குடித்தனம் நடத்துவதால், பொத்தானோடு ஒரு மின்தடை வேண்டும். அதை விடுத்துக் கம்பியை நேரே கிரவுண்டில் இணைத்தால் கருவி ஒலிபரப்பும். குரல் மட்டும் போகாது.

இனி, அழுத்தியும் பேசாமைக்குக் காரணம் எதுவெனின், கருவியைத் திறந்து பார்ப்போர் பெரும்பாலும் தேடாத இடத்திலேயே அது உள்ளது. தோலுறை அல்லது செருகியின் தடித்த பிளாஸ்டிக் விளிம்பு இடையில் தட்டுவதால், செருகி கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நிற்கும். பார்வைக்கோ முழுதும் செருகியதாகவே தோன்றும். விளிம்பைக் கத்தியால் சிறிது சீவினால் பல நேரம் குறை தீரும். தீராவிடில், செருகிகளைக் கழற்றி மல்டிமீட்டரின் இரு முனைகளையும் இரு அடிப்பகுதிகளில் வைத்துப் பொத்தானை அழுத்துக. அழுத்தும்போது மட்டும் பீப் ஒலித்தால் பொத்தான் குற்றமற்றது. ஒலிக்காவிடில் செருகியின் கழுத்தருகே கம்பியை வளைத்துப் பார்க்க வேண்டும், அறுபடும் இடம் பெரும்பாலும் அதுவே.

குறைந்த திறனில் ஒழுங்காயிருந்து, உயர் திறனில் மட்டும் பொத்தானை விட்ட பின்னும் ஒலிபரப்பு நில்லாதாயின், கருவியின் சொந்த அலையே மைக் கம்பியில் ஏறியது எனக் கொண்டு, கம்பியில் ஃபெரைட் வளையம் மாட்டுக.

இவற்றுள் எதைச் செய்யுமுன்னும், வெளிக்கருவியைக் கழற்றிவிட்டு வாக்கி-டாக்கியின் சொந்தப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க. யுவி-5ஆர் வைத்திருப்போர் 15 முதல் 600 நொடி வரை அமைக்கத்தக்க ஒலிபரப்பு நேர வரம்பைச் சோதனை முடியும்வரை 15 நொடியிலேயே வைத்திருக்க.