கண்டக்டர் இல்லாத ஊரில் டிக்கெட்

சுவிட்சர்லாந்தின் சூரிச் மாநிலத்தைச் சேர்ந்த டீட்டிகோன் நகரில் விரைவுப் பேருந்து நிலையம் என்று எதுவும் கிடையாது. பேருந்துக்குத் தனித்தடம், ஏறும் முன்பே டிக்கெட், வண்டியின் தரைக்குச் சமமாக உயர்ந்த நடைமேடை ஆகிய மூன்றும் சேர்ந்ததே அத்தகைய நிலையம். 1974இல் பிரேசிலின் குரிடிபாவில் தனித்தடத்தோடு தொடங்கிய இம்முறை 2009இல் அகமதாபாத்துக்கும் வந்து சேர்ந்தது. டீட்டிகோனில் இதே வேலையை, 2022 டிசம்பரில் முழுத்தடத்திலும் ஓடத் தொடங்கிய லிம்மாத் பள்ளத்தாக்கு டிராம் 13.4 கிலோமீட்டர் நீளத்தில், 27 நிறுத்தங்களில் செய்துவருகிறது.

வண்டி வரவில்லை என்று மக்கள் மறியல் செய்வதே நமக்குப் பழக்கமான அரசியல் என்றாலும், இவ்வூரின் அரசியல் வேறு தடத்தில் ஓடியது. 2015இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் மாநிலம் இந்த டிராம் திட்டத்தை ஏற்க, டீட்டிகோன் மாவட்டத்தின் பெரும்பான்மையோ வண்டியே வேண்டாம் என்று வாக்களித்தது. தடத்தை வழியிலுள்ள ஷ்லீரன் ஊரோடு நிறுத்திவிடக் கோரிய மற்றொரு வாக்கெடுப்பு 2018இல் தோற்றபின், வேண்டாத விருந்தாளி உரிய நேரத்தில் வந்து சேர்ந்தார்.

நிறுத்தத்தில் சுழற்கதவு இல்லை, விசில் ஊதும் கண்டக்டர் இல்லை, 'உள்ளே போங்க, உள்ளே போங்க' என்ற மந்திரமும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு டிக்கெட் இயந்திரமும் மண்டலக் கணக்கும்தான். மண்டலம் என்பது கட்டணத்துக்காக வகுக்கப்பட்ட நிலப்பகுதி. டீட்டிகோன் 154ஆம் மண்டலம், சூரிச் நகரம் 110ஆம் மண்டலம். சூரிச்சை இரண்டாகக் கணக்கிடுவது விதி என்பதால், இரண்டு மண்டலங்களில் பயணம் செய்பவர் மூன்றுக்குப் பணம் கட்டுகிறார். வாங்கிய டிக்கெட்டின் நேரம் முடியும்வரை அம்மண்டலங்களுக்குள் எத்தனை முறையும் ஏறி இறங்கலாம் என்ற செய்தி அவருக்குச் சற்று ஆறுதல் தருகிறது.

அடுத்த சோதனை கதவு. வண்டி வந்து நின்றதும் புதிதாக ஊரிலிருந்து வந்த மாமா, கதவு தானே திறக்கும் என்று மரியாதையோடு எதிரே நிற்கிறார்; கதவோ, பக்கத்திலுள்ள பொத்தானை யாராவது அழுத்தட்டும் என்று அதே மரியாதையோடு மூடியே நிற்கிறது. இருவரும் இவ்வாறு ஒருவரையொருவர் மதித்துக்கொண்டிருக்கையில் வண்டி புறப்பட்டுவிடுகிறது, அடுத்தது வரப் பதினைந்து நிமிடம் ஆகும்.

எல்லாம் பயணியின் நேர்மையை நம்பி நடப்பதாகத் தோன்றினாலும், முன்னறிவிப்பின்றி ஏறும் பரிசோதகர்களையும் அந்நம்பிக்கை துணைக்கு வைத்திருக்கிறது. பரிசோதகரைக் கண்டதும், செல்லுபடியாகும் டிக்கெட்டைச் சட்டைப் பையிலேயே வைத்திருப்பவருக்கும் முகம் வெளிறுவதைக் காணலாம். கண்டக்டரிடம் சில்லறை பாக்கி கேட்டுச் சண்டை போட்ட காலமே நிம்மதியானது என்று அக்கணத்தில் அவருக்குத் தோன்றக்கூடும். எனினும் நியாயமாகப் பார்த்தால், நெரிசலில் டிக்கெட் நம் கைக்கு வந்துசேருமுன் இறங்கும் இடம் வந்துவிடும் முறையைவிட இது மேலானதே.

ஆகவே டீட்டிகோனில் உள்ள உறவினர் வீட்டுக்குச் செல்லும் வாசகர்கள், டிக்கெட்டை ஏறும் முன்பே எடுத்துக்கொண்டு, பொத்தானைத் தயங்காமல் அழுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.