புத்தகமா எடுத்துக்குங்க தோழர்

தமிழ்நாட்டில் எந்த ஊர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கும். அதன் ஓரமாக ஒரு மாடிப்படி ஏறும். படியின் இரண்டு பக்கமும் பழுப்புத்தாள் சுற்றிய கட்டுகள் அடுக்கியிருப்பதால் ஒரு நேரத்தில் ஓர் ஆள்தான் போக முடியும். மேலேயிருந்து ஒருவர் இறங்கினால் கீழேயிருந்து வருகிறவர் பின்வாங்கியாக வேண்டும். அப்படி ஒரு நெருக்கடி இதுவரை யாருக்கும் ஏற்பட்டதில்லை.

மேலே நம்மவர் உட்கார்ந்திருப்பார். 'பதிப்பகம் மற்றும் புத்தக விற்பனை நிலையம்' என்று பலகை சொல்லும். பதிப்பாளர், விற்பனையாளர், மெய்ப்புத் திருத்துபவர், பார்சல் கட்டுபவர், கடன் வாங்குபவர் எல்லாம் அவர் ஒருவரே. சொந்தமாக இரண்டு கவிதைத் தொகுப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றித் தானாகப் பேச மாட்டார். நாம் கேட்கிற வரைக்கும் நம் கண்ணுக்கு நேராக இருக்கும்படி வைத்திருப்பார், அவ்வளவுதான். இளையவர்கள் இவரை 'அண்ணே' என்பார்கள். எழுத்தாளர்களும் கடன் கொடுத்தவர்களும் 'தோழர்' என்பார்கள்.

இவரை வியாபாரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வியாபாரம் என்றால் சரக்கைக் கொடுத்துக் காசு வாங்க வேண்டும். இவருடைய உலகத்தில் காசு பேச்சில் மட்டும்தான் வரும். கணக்கு எல்லாம் புத்தகத்திலேயே தீரும்.

எழுத்தாளர் ராயல்டி கேட்டு வருகிறார். விலையில் பத்து சதவீதம் என்பது பேச்சு. "ரொக்கம் இப்ப கொஞ்சம் சிரமம். புத்தகமா எடுத்துக்குங்க தோழர்" என்பார் நம்மவர். எழுத்தாளர் தன் புத்தகத்தையே எடுத்துக்கொண்டு என்ன செய்வது? பக்கத்து அலமாரியில் உள்ள ரஷ்ய நாவலைக் கேட்பார். அது மதுரைப் பதிப்பகத்துடையது. மதுரைக்காரருக்கு நம்மவர் தர வேண்டியது பாக்கி நிற்கிறது. அதற்கு ஈடாக இதே எழுத்தாளரின் நாவல் முப்பது பிரதி போன மாதமே லாரி ஷெட்டில் போடப்பட்டுவிட்டது. மதுரைக்காரர் அதிலிருந்து பத்தை எடுத்துத் தன் கோயம்புத்தூர்க் கடனைக் கழித்திருப்பார். ஆக நாவல் தமிழ்நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டேயிருக்கும். பயணத்தில் அதை ஒருவரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். டி.டி.பி. செய்த பெண் தன் மகளுக்குப் படக்கதைப் புத்தகங்களாக எடுத்துக்கொள்கிறார். அட்டை வரைந்த ஓவியருக்கு மொழிபெயர்ப்பு நாவல்கள். அச்சகத்துக்காரர் மட்டும் இந்த மதத்தில் சேராதவர். அவருக்கு ரொக்கம் வேண்டும். ஏனென்றால் காகிதக் கடைக்காரர் நாவல் படிக்க மாட்டார்.

காகிதத்துக்கு ஜி.எஸ்.டி. உண்டு, புத்தகத்துக்குக் கிடையாது. கேட்பதற்குச் சலுகை மாதிரி இருக்கிறது. விற்கும்போது வரியே இல்லை என்பதால் வாங்கும்போது கட்டிய வரியைத் திரும்பக் கேட்க வழியில்லை என்று ஆடிட்டர் விளக்குவார். அந்த ஆடிட்டருக்கும் ஃபீஸ் புத்தகமாகத்தான் போகிறது.

முன்பெல்லாம் ஒரு புத்தகம் போட்டால் ஆயிரம் பிரதி அடிப்பார்கள். அதற்குக் குறைந்தால் கட்டுப்படியாகாது. மனைவியின் நகை அடகுக்கும் புத்தகம் பரணுக்கும் ஒரே வாரத்தில் போகும். இப்போது தேவைக்கு மட்டும் அச்சடிக்கும் பி.ஓ.டி. வந்துவிட்டது. நூறு பிரதி போதும், ஐம்பதுகூட அடிக்கலாம். இதனால் தமிழில் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு காணும் நூல்கள் பெருகிவிட்டன. நூறில் எத்தனை விற்கும் என்று நம்மவரோடு உட்கார்ந்து ஒரு நாள் கணக்குப் போட்டோம். ஆசிரியருக்குப் பத்து. அணிந்துரை எழுதியவருக்கு இரண்டு, பின்னட்டைக்கு நாலு வரி தந்தவருக்கு இரண்டு. பத்திரிகைகளில் 'மதிப்புரைக்கு இரு பிரதிகள் அனுப்பவும்' என்று போட்டிருப்பதால் அந்த வகையில் பத்துப் பன்னிரண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் தலா ஒன்று, தபால் செலவும் நம்முடையதே. வெளியீட்டு விழாவில் வெளியிட்டவர், பெற்றுக்கொண்டவர், வாழ்த்தியவர், வாழ்த்த வந்து நேரமில்லாமல் உட்கார்ந்திருந்தவர். மேடையில் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் அதற்குக் காசு கொடுத்ததாகத் தமிழில் சரித்திரம் இல்லை. மிச்சத்தை எண்ணுவதற்குள் டீ வந்துவிட்டது, நம்மவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கடைக்கு ஆளே வராது என்று நினைத்துவிட வேண்டாம். நான் இருந்தபோதே ஒரு கல்லூரிப் பெண் ஏறி வந்தாள்.

"சார், பொன்னியின் செல்வன் இருக்கா?"

இருக்கிறது. ஐந்து பாகமும் ஜன்னலோரம் அடுக்கியிருக்கிறது. கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் அதைப் போடாத பதிப்பகம் இல்லை. 2022-இல் படம் வந்ததிலிருந்து இந்தக் கடைக்கு வாடகை கட்டுவதே வந்தியத்தேவன்தான். ஆனாலும் கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க நம்மவருக்கு மனசு வராது.

"குடுக்கலாம்மா. அதுக்கு முன்னாடி என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம்., செகண்ட் இயர் சார்."

"அதில்லம்மா. புதுமைப்பித்தன் படிச்சிருக்கீங்களா?"

"ஸ்கூல்ல ஒரு கதை வந்துச்சு சார்."

"எந்தக் கதை?"

அந்தப் பெண் படியைத் திரும்பிப் பார்த்தாள். வேலைக்கு நேர்முகத் தேர்வு வைக்கிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ. நம்மவர் ஸ்டூலில் ஏறி, புதுமைப்பித்தன் கதைகளை எடுத்து, வேட்டி நுனியால் தூசி தட்டி, அட்டையை ஒரு தடவை தடவி நீட்டினார். "இதை முதல்ல படிங்க. பிடிச்சா காசு குடுங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க." அவள் தேங்க்ஸ் சொல்லி இறங்கிப் போனாள். அந்த மாத வாடகையில் ஐந்து பாகம் குறைந்தது.

குரூப் 4 கைடு கேட்டு வருகிறவர்களுக்கு இந்தப் பரீட்சை கிடையாது. அது மேசைக்கு அடியில் இருக்கிறது. நம்மவர் வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்து, பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்து, காசை எண்ணாமல் பையில் போட்டுக்கொள்வார். தடையில்லாமல் ரொக்கமாக நடக்கும் வியாபாரத்தை இப்படி ஒளித்துச் செய்கிறார்.

சனிக்கிழமை மாலை உள்ளூர்க் கவிஞர் வருவார். தன் தொகுப்பில் பத்துப் பிரதியை 'வித்துட்டுக் குடுங்க' என்று வைத்துவிட்டுப் போனவர். வந்ததும் எதையும் கேட்க மாட்டார். ஃபேனைப் பார்ப்பார், வெயிலைப் பற்றிச் சொல்வார், மெதுவாக அலமாரிப் பக்கம் நகர்வார். ஜெயகாந்தன் பின்னால் போவார், கவிஞர் முன்னால் வருவார். முதுகு தெரியும்படி செருகியிருந்த தொகுப்பு முகம் தெரியும்படி நிற்கும். பிறகுதான் கேள்வி.

"எப்படிப் போகுது தோழர்?"

"விசாரிக்கிறாங்க."

"எத்தனை பேர்?"

"நல்லாவே விசாரிக்கிறாங்க."

ஒரு பிரதி விற்றது உண்மை. வாங்கியவர் கவிஞரின் மைத்துனர். அனுப்பியவர் கவிஞர். நம்மவருக்கு இது தெரியும், ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த நாகரிகத்துக்காகவே இவர் கடையில் நான் கடன் வைக்காமல் வாங்குகிறேன்.

கடையில் சாமி படம் கிடையாது. சி.சு. செல்லப்பா படம் மாட்டியிருக்கிறது. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி 1970 வரை இழுத்துப் பிடித்தவர். போட்ட புத்தகங்களைத் தோளில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'சுதந்திர தாகம்' நாவலைக் கடைசிக் காலத்தில் மூன்று பாகமாகத் தானே வெளியிட்டார். அதற்கு 2001-இல் சாகித்திய அகாதமி பரிசு கிடைத்தபோது அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. இந்தத் துறையில் பேமெண்ட் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

செல்லப்பாவுக்கும் மேலே ஒரு குலதெய்வம் உண்டு. 1920-இல் பாரதி தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகங்களாகப் போடத் திட்டம் போட்டார். ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி. அதற்கு நண்பர்களிடம் கடன் கேட்டார், வட்டியும் தருவதாகச் சொன்னார். புத்தகங்கள் தீப்பெட்டி, மண்ணெண்ணெயைவிட வேகமாக விற்றுத் தீரும் என்பது அவர் நம்பிக்கை. நாலு லட்சம் பிரதி! திட்டம் திட்டமாகவே நின்றது. ஆனால் அந்தக் கணக்குப் போடும் முறை நிற்கவில்லை. நம்மவர் டிசம்பர் மாதம் சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் புத்தகக் காட்சிக்குப் போடும் கணக்கு அதே பரம்பரைதான், சைபர் மட்டும் குறைவு.

மொத்தமாக ரொக்கம் தரக்கூடிய ஒரே இடம் அரசாங்கம். நூலக ஆணை கிடைத்தால் ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை போட்டு எடுத்துக்கொண்ட காலம் உண்டு. அதாவது பதினாறு பக்கத்துக்கு ஒரு ரேட். பதினாறு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குத் தனி ரேட் இருந்ததில்லை. ஆணை எப்போது வரும் என்பது விவசாயிக்கு மழை மாதிரி. வரும் என்று ஒருவர் சென்னையிலிருந்து போன் செய்வார், தள்ளிப்போகிறது என்று இன்னொருவர் சொல்வார், யாரோ ஒருவருக்கு மட்டும் பெய்துவிட்டது என்று மூன்றாமவர் வயிற்றெரிச்சலோடு சேதி கொண்டுவருவார்.

தபால் ஆபீஸ்தான் இவருக்கு இரண்டாவது வீடு. 2024 டிசம்பரில் பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்தியபோது துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். அடுத்த மே மாதம் 'கியான் போஸ்ட்' என்று புதிதாக ஒன்று வந்தது. முந்நூறு கிராமுக்கு இருபது ரூபாய். அதில் வணிக நோக்கமுள்ள வெளியீடுகளை அனுப்பக் கூடாது என்று ஒரு விதி. கவுன்ட்டரில் இருந்தவர் நவீன கவிதைத் தொகுப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல வியாபாரம் எதுவும் இல்லையே?" என்று கேட்டாராம். "சத்தியமா இல்லைங்க" என்றார் நம்மவர். அந்த விதிக்கு அவரைவிடத் தகுதியான ஆள் இந்தியாவில் கிடைப்பது கஷ்டம்.

ஜனவரி வந்தால் சென்னை. 1977-இல் ஆரம்பித்த, பதிப்பாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சிக்கு நம்மவர் வேறொருவரோடு பாதிப் பாதி பங்கு போட்டு ஒரு ஸ்டால் எடுப்பார். காலையில் தூசி தட்டுவார், மத்தியானம் மறுபடி தட்டுவார். கூட்டம் ஆறாக ஓடும். ஸ்டால் வாசலில் நின்று கேட்பார்கள்: "கோலப் புத்தகம் இருக்கா?" "டாய்லெட் எந்தப் பக்கம்?" "பபாசிலயே பத்து பர்சென்ட் குடுக்கறாங்க, நீங்க எக்ஸ்ட்ரா எவ்வளவு குடுப்பீங்க?" புத்தகத்தைக் கையில் எடுத்து, அட்டையை போட்டோ பிடித்து, "பி.டி.எஃப். இருக்குமா அண்ணே?" என்று கேட்டவரும் உண்டு. நம்மவர் கோபப்படவில்லை. அவரையும் உட்காரவைத்து அந்தப் புத்தகத்தின் கதையைச் சொன்னார். முழுக் கதையையும் சொன்னார். கேட்டவருக்கு அப்புறம் பி.டி.எஃப்.-ம் தேவைப்படவில்லை.

கடைசி நாள் ராத்திரி இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விற்காததை மூட்டை கட்டி ஊருக்கு அனுப்ப லாரிக்காரன் வாடகை கேட்பான். அதற்குப் பயந்து சிறு பதிப்பாளர்கள் ஒருவர் ஸ்டாலுக்கு ஒருவர் போய் மாற்றிக்கொள்வார்கள். "என்னோடதுல பதினஞ்சு எடுத்துக்குங்க, உங்களோடதுல பதினஞ்சு குடுங்க." எல்லோருக்கும் பளு குறைந்த மாதிரி ஒரு சந்தோஷம். போகும்போது இருபது கட்டு, வரும்போது இருபத்திரண்டு. மாடிப்படி குறுகிப்போன காரணம் இதுதான்.

வீட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மாதம் முதல் தேதி பணமாகச் சம்பளம் வாங்குகிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் அவருக்கு மட்டும்தான். புத்தகங்களை அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை. "பால்காரர் பில் குடுத்திருக்காரு. நம்ம நாவல் ரெண்டு குடுத்தனுப்பட்டுமா?" என்று கேட்பார். நம்மவர் அதை யோசித்துப் பார்ப்பார். அதுதான் அவர் மனைவிக்கு ஆத்திரம்.

போன வருஷம் பெரிய சிக்கல் வந்தது. வாடகை எட்டு மாதம் நின்றுபோய், கட்டடத்தின் சொந்தக்காரரே படியேறி வந்துவிட்டார். ரிட்டயர்டு தாசில்தார். கையில் ஒரு பை. நோட்டீஸ்தான் என்று நம்மவர் எழுந்து நின்றார். தாசில்தார் உட்கார்ந்தார், ஃபேனைப் பார்த்தார், வெயிலைப் பற்றிச் சொன்னார். பிறகு பையைத் திறந்து ஃபுல்ஸ்கேப் தாளில் நானூறு பக்கம் எடுத்து மேசைமேல் வைத்தார். அவருடைய வாழ்க்கை வரலாறு. ஜமாபந்தி அனுபவங்களுக்கு மட்டும் ஆறு அத்தியாயம்.

"இதைப் போட எவ்வளவு ஆகும்?"

நம்மவர் சிகரெட் அட்டையைத் திருப்பிக் கணக்குப் போட்டார். எட்டு மாத வாடகைக்குச் சரியாக வந்தது. கொஞ்சம் நெருக்கிப் போட்டதில் வந்தது என்று பிறகு என்னிடம் ஒப்புக்கொண்டார். புத்தகம் வெளிவந்தது. ஆட்சியர் முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டு, காசு கொடுக்காமல் போனார். அதன்பின் தாசில்தார் சனிக்கிழமை தவறாமல் மாடிக்கு வருகிறார். வாடகையைப் பற்றி மூச்சு விடுவதில்லை. கவிஞரை எதற்காக முதல் வரிசையில் நிறுத்தியிருக்கிறது என்றுதான் கேட்கிறார்.