ஏழடி கால் அங்குலம்

இசம்பார்ட் கிங்டம் ப்ரூனல். பேரைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ஸ்டேஷன் தாண்டிவிடும். ஆள் என்னவோ குள்ளம்தான். அதற்கு ஈடுகட்டத் தலையில் புகைபோக்கி மாதிரி ஒரு தொப்பி. புகைக்கும் குறையில்லை, வாயில் எந்நேரமும் சுருட்டு!

1833இல், 27 வயதில், லண்டனையும் பிரிஸ்டலையும் இணைக்கும் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேக்கு இன்ஜினீயர் ஆனார். அப்போது ரயில் இன்ஜின் புகழ் ஸ்டீபன்சன் கோஷ்டி நாலடி எட்டரை அங்குல அகலத்தில் தண்டவாளம் போட்டுக்கொண்டிருந்தது. வடக்கே நிலக்கரி வண்டிகளுக்கு இருந்த பழைய அளவு அது. கரிவண்டி அளவு நம்ம ஆளுக்குக் கட்டுப்படியாகுமா? ஏழடி கால் அங்குலம் போட்டார். (அந்தக் கால் அங்குலம் சக்கரம் இறுகாமல் ஓடுவதற்காம். ஏழடி எதற்கு என்றுதான் ஊரே கேட்டது.)

இரண்டு அகலமும் க்ளாஸ்டர் ஸ்டேஷனில் முட்டிக்கொண்டன. மூட்டை, முடிச்சு, மனிதர் எல்லாம் இறங்கி, வேறு வண்டி ஏற வேண்டும். ஒரே நாடு, இரண்டு ரயில்!

பஞ்சாயத்துக்குக் கமிஷன் வைத்து, இரண்டு வகை வண்டியையும் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ப்ரூனல் கட்சி வண்டி பறந்தது. ஆனால் நாட்டில் அகலப் பாதை 270 மைல் சொச்சம், மற்றது 1,900 மைல். மெரிட்டில் பாஸ், மெஜாரிட்டியில் ஃபெயில்.

மனுஷர் அசரவில்லை. அடுத்து, இன்ஜினே இல்லாத ரயில்! டெவன் கடற்கரையில் தண்டவாளங்களுக்கு நடுவே குழாய் பதித்து, வழிநெடுக பம்ப் ஹவுஸ் கட்டி, குழாயிலிருந்த காற்றை உறிஞ்சினார். வண்டியின் அடியிலிருந்து குழாய்க்குள் இறங்கிய பிஸ்டனை வெளிக்காற்று தள்ள, வண்டி நிஜமாகவே ஓடியது, வேகமாகவே ஓடியது. பிஸ்டன் பிடி போய்வரக் குழாயின் மேல் விட்ட பிளவை மூடிய தோல் பட்டைதான் காலை வாரிவிட்டது. காய்ந்து, விறைத்து, கிழிந்து தொலைந்தது. கொழுப்பு தடவிய அந்தத் தோலை எலிகள் ருசி பார்த்ததாகவும் ஒரு கதை உண்டு. ஒரு வருஷத்தில், 1848இல், கடையைக் கட்டியாயிற்று.

ஆனால் இவர் ஜாதகத்திலேயே உச்சம் 1843தான். குழந்தைகளுக்கு மேஜிக் காட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு தங்கக் காசை வாயில் போட்டார். காசு மூச்சுக்குழாயில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர்கள் தொண்டையைக் கிழித்து இடுக்கியால் துழாவியும் பிடிபடவில்லை. கடைசியில் ஐயா ஒரு சுழல் பலகையில் தன்னையே கட்டச் சொல்லி, தலைகீழாகத் தொங்கி இருமினார். பல வாரம் கழித்து, டங்! சேதி கேட்டு, நமக்கு இங்கிலீஷ் படிப்பைக் கட்டிவிட்ட அதே மெக்காலே, காசு வந்துவிட்டது என்று கூவிக்கொண்டு ஓடினாராம்.

கடைசி ஆசை கப்பல். வழியில் கரி ஏற்றாமலே கீழ்த்திசைக்குப் போய்வர, 4,000 பேர் பயணம் செய்யும்படி, 'கிரேட் ஈஸ்டர்ன்'. 1857 நவம்பரில் தள்ளிவிடும் வைபவத்துக்குக் கம்பெனி டிக்கெட் போட்டு விற்றது. கூட்டம் அம்மியது. கப்பல் சில அடி நகர்ந்து நின்றுகொண்டது. தண்ணீரைத் தொட அடுத்த ஜனவரி ஆயிற்று. 1859இல் ப்ரூனல் போய்ச் சேர்ந்தார். மறு வருஷம் அது முதல்முறை நியூயார்க் போனபோது டிக்கெட் வாங்கி ஏறியவர்கள் 35 பேர்.

கீழ்த்திசைக்கும் வராமல் இல்லை. 1870இல் பம்பாய் வந்து சேர்ந்தது, ஏடன் வரைக்கும் கடலடியில் தந்தி ஒயர் போட.